கணினி யுகத்தில் நூலகரின் பணி

நூல்கள் யாவும் கணினித் திரையில் கிடைக்குங்காலத்தில் நூலகமும் நூலகரும் எதற்கு என்னும் வினா, இன்று கல்லூரிகளின் நிதிக் குழுக்களில் எழுகின்றது. இதற்கு விடை காணுமுன், நூலகம் என்பது நூல்கள் வைக்கப்பட்ட இடம் மாத்திரந்தானா என்பதை நாம் ஆராய வேண்டும்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், பிரித்தானிய நூலகத்தின் கணினி அமைப்பு இணையவழித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. நூல்கள் அழியவில்லை, அடுக்குகளில் அப்படியே இருந்தன. ஆயினும் நூற்பட்டியல் முடங்கியமையால், வேண்டிய நூலைக் கண்டெடுப்பது அரிதாயிற்று. 2024 ஜனவரி நடுவில்தான் பட்டியல் மீண்டும் பார்வைக்கு வந்தது. பட்டியலற்ற நூற்குவியல் நூலகமாகாது என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்கிற்று.

பட்டியலிடுதலைப் பொறியே செய்துவிடாதா எனச் சிலர் கேட்கலாம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனெரியின் பெயர் சீகன்பால்க், சீகன்பால்கு, சீகன்பால் எனத் தமிழில் பலவாறு எழுதப்பட்டுள்ளது. ஒரு வடிவத்தை மட்டும் இட்டுத் தேடும் மாணவர் ஏனைய நூல்களைத் தவறவிடக்கூடும். இவை ஒருவரையே குறிப்பன என ஆராய்ந்து இணைத்து வைப்பது நூலகரின் பணி. மேலும், பழைய ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய அச்சில் ணை, லை, னை முதலியன வேறு வடிவில் உள்ளன. பொறி வாசித்ததை அறிந்தவர் ஒப்புநோக்கித் திருத்துதல் அவசியமாகின்றது.

அடுத்தது காத்தல். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றுடன் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் மின்தொகுப்பு, ஈழத்து நூல்களை மின்வடிவில் திரட்டிவருகின்றது. எனினும் மின்கோப்பும் தானாக நிலைத்திராது. வட்டு பழுதாகும், கோப்பின் அமைப்பு வழக்கொழியும். காலந்தோறும் புதுப்பித்து, வெவ்வேறு இடங்களில் படிகள் வைத்தல் வேண்டும். சந்தா செலுத்திப் பெறும் மின்னிதழ்களோ பலவேளை நமக்கு உரிமையாவதில்லை. சந்தா நின்றால் பழைய இதழ்களும் கைவிட்டுப் போகலாம்.

ஆகவே, நூலகர் பதவியை நீக்கி அத்தொகைக்குக் கணினிகள் வாங்குவது சிக்கனமாகாது. நம் இறையியல் கல்லூரிகள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, வேறெங்கும் கிடையாத நூல்கள், கையெழுத்துப் படிகள், சபைப் பதிவேடுகள் எவையெனக் கணக்கெடுத்து, அவற்றையே முதலில் மின்வடிவாக்குதல். இரண்டாவது, தமிழறிவும் கணினிப் பயிற்சியும் ஒருங்கே உடையவரை நூலகராக நியமித்தல். மூன்றாவது, தேடும் முறையையும், கிடைத்தது எந்தப் பதிப்பினின்று வந்தது எனச் சோதிக்கும் முறையையும் அந்நூலகரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தல். இம்மூன்றனுள் முதலாவது தாமதத்தைப் பொறாது. பதிவேடுகளின் தாள் ஆண்டுதோறும் நொறுங்கி வருகின்றது.