கட்டிக்குப் பக்கத்து மூளை

அவிநாசி பேக்கரியில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் பங்காளி வீட்டுத் தம்பி ஆரம்பித்தான். "ஏனுங்ண்ணா, அமெரிக்காவுல அக்காவுக்கு மூளைக் கட்டிய எடுத்துட்டு, அந்த எடத்துலயே கரண்டு வெச்சுத் தெச்சுட்டாங்களாமா. பக்கத்துல இருக்கற நல்ல மூளை என்னத்துக்கு ஆகுமுங்க?"

கரண்டு என்று நம் பக்கம் சொல்வது கதிர்வீச்சைத்தான். மெஷினில் வெளியே இருந்து கொடுத்தால் அது நல்ல மூளையைக் கடந்துதான் கட்டிக்குப் போகும். உள்ளேயே வைத்தால் அந்த வழிச்சேதம் இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் பலம் நாலில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஆனால் ஒட்டியிருக்கும் திசுவுக்கு அடி பலமாகவே விழும்.

முன்பு அயோடின்-125 மணிகளை வைத்துப் பார்த்தார்கள். 1998இல் கனடாவிலும் 2002இல் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகளில், கொடிய மூளைக் கட்டிக்காரர்களின் ஆயுள் இதனால் சொல்லும்படி கூடவில்லை. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காமாடைல் வேறு மாதிரி. 2 செ.மீ. சதுரக் கொலாஜன் வில்லைக்குள் 4 சீசியம்-131 மணிகள். மணி மூளையைத் தொடாமல் சுமார் 3 மி.மீ. இடைவெளி விடுவது அந்தக் கொலாஜன்தான். எனக்கு அதில் பிடித்ததே அந்த 3 மில்லிமீட்டர்தான். பின்னால் கொலாஜன் கரைந்துவிடும். மணி அங்கேயே கிடந்தாலும் அதன் வீரியம் சுமார் 10 நாளுக்கு ஒருமுறை பாதியாகும்.

அப்படியும் சேதம் வரலாம். முக்கியமாக அடிபடுவது மெல்லிய இரத்தக் குழாய்களும் நரம்புக்கு உறை போடும் செல்களும். சொட்டுநீர்க் குழாய் பிய்ந்தால் பக்கத்து மண் சேறாகி, கடைசிச் செடி காய்கிறதில்லையா, அப்படி வீக்கமும் திசுச் சாவும் சேர்ந்து வரும். பல மாதம் கழித்து, சிலருக்கு ஓரிரு வருடம் கழித்துக்கூட. எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் கட்டி திரும்பி வந்தது போலவே இருக்கும். வீட்டில் அழுகை தொடங்குவது இங்கேதான். இரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன், பெட் ஸ்கேன், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை என்று பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். கதிர்க் காயம்தான் என்றால் டெக்சாமெத்தசோன் வீக்கத்தை வடிக்கும். கேட்காவிட்டால் பெவாசிசுமாப் ஊசி, சிலருக்கு ஆபரேஷன்.

நம் ஊரிலும் இந்தக் கவலை உண்டு. சென்னை சங்கர நேத்ராலயாவில் கண் கட்டிகளுக்கு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அயோடின் மணிகளை வைத்திருக்கிறார்கள். விழித்திரை கருவிலேயே மூளையிலிருந்து கிளைத்தது. கட்டி அடங்கி, கண் பிழைத்து, வருடங்கள் கழித்துப் பார்வை மங்குவதும் உண்டு.

தம்பி, அக்காவிடம் இதை மட்டும் சொல். புதிதாகத் தலைவலி, வலிப்பு, கை கால் தளர்ச்சி, தடுமாற்றம் வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். டெக்சா மாத்திரை கொடுத்திருந்தால், உடம்பு தேறிவிட்டதென்று தானாக நிறுத்தவும் வேண்டாம்.