கவாத்தும் வெட்டும்

கவாத்து என்பது இன்னதென்று கம்பம் பள்ளத்தாக்கு வாசிகளுக்கு நாம் போதிக்க வேண்டியதில்லை. 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சையை விளைவிக்கும் ஜனங்கள் அவர்கள். எந்தக் கணுவுக்கு மேல் கத்தரி வைப்பதென்று அறியாதவனைத் தம் பந்தலுக்குள் எந்த விவசாயியும் அனுமதிக்க மாட்டார். ஆனால் பந்தலை விட்டு வீதிக்கு வந்தவுடன் இந்த ஞானமெல்லாம் எங்கே மறைகிறது? வீதியோர வேம்பும் புங்கும் பொதுச் சொத்து. ஆகையால் கேட்பாரற்ற சொத்து! மின்கம்பிக்கு இடையூறென்று அரிவாளோடு வருகிறவர், ஒரு பக்கத்தை மொட்டையடித்துவிட்டுப் போகிறார். நாமும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இதன் கேடு உடனே தெரிவதில்லை. கிளை தண்டோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டை போன்ற ஒரு புடைப்பு உண்டு. அதற்குச் சற்று வெளியே அறுத்தால், மரம் நாளடைவில் புதுப் பட்டையால் காயத்தை மூடிக்கொள்ளும். புடைப்பையே செதுக்கினாலும், முழ நீளக் கட்டையை விட்டு வெட்டினாலும், காயம் மூடாமல் அழுகல் உள்ளே புகும். கனத்த கிளையாயின், முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, பின்பு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிய பிறகே கடைசி அறுப்பைச் செய்ய வேண்டும். இல்லாவிடில் பட்டை தண்டு வரை கிழியும்.

ஒரு புறம் வெட்டுண்டு, உள்ளே அழுகி நிற்கும் மரம், தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கி வீசும் இப்பள்ளத்தாக்கில் எத்தனை காலம் நிற்கும்? அது வீழும்போது அடியில் நிற்பவர், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தோட்டத் தொழிலாளியாகவோ பள்ளிச் சிறுவனாகவோ இருக்கலாம். அதன் பின்பு பழி மரத்தின் மேல் விழும். அண்டை மரத்துக்கும் கோடாலி வரும்.

டில்லியில் 1994-ம் ஆண்டிலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அந்நகர மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. தலைநகரத்து வேருக்கு வேண்டிய காற்றும் நீரும் கோம்பை வேருக்கு வேண்டாமா?

கோம்பைப் பேரூராட்சி மன்றத்தார் செய்யத்தக்கது எளிது. வீதி மரங்களுக்கு ஒரு கணக்கேடு வைக்கட்டும். கொடிக்கும் மரத்துக்கும் முறை வேறாயினும், கவாத்தில் கை தேர்ந்தவர்களுக்கு மர வேலையைப் பழக்குவது கஷ்டமன்று. அத்தகையோரை நியமித்து, மின்வாரியத்தாரோடு கலந்து, காற்றுக் காலத்துக்கு முன்பே வேலையை முடிக்கட்டும். பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்டோர், அரிவாள் மரமேறுமுன், “எந்தக் கிளை? எதற்காக?” என்று கேட்கட்டும். தன் பந்தலில் காட்டும் கவனத்தை வீதியிலும் காட்டுவதே சுயாட்சிக்குத் தகுதியான ஊரின் லட்சணம்.