பாசக்கயிறும் மாதுளை முத்தும்

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழர் மாசி மாதத்தில் நிகழ்த்தும் காமன் கூத்தில், சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும் கதையினூடே, பாசக்கயிற்றுடன் எமனும் ஆடி வருவதுண்டு. உடலையும் உயிரையும் கூறுபடுத்துபவன் என்பதால் தமிழில் அவன் கூற்றுவன் எனப்படுகிறான். கிரேக்கத் தொன்மத்திலோ உயிரைக் கவர்பவன் தனாத்தோஸ் என்னும் வேறொரு தேவன். ஹேடிஸ், சகோதரர் மூவர் சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டபோது பாதாளத்தைப் பெற்ற அரசன் மட்டுமே. ஆயினும் அவ்விரு மரபுகளையும் நெருக்கமாக்குவது பிரிவின் துயரமே: ஹேடிஸ் கவர்ந்து சென்ற பெர்செபோனி, அங்கே மாதுளை முத்துகளை உண்டதால் ஆண்டின் ஒரு பகுதியைப் பாதாளத்தில் கழிக்க நேர, தாய் தெமீத்தர் வாட, மண்ணும் வறள்கிறது; மகள் மீளும்போது பயிர் தளிர்க்கிறது. காமன் கூத்திலும் நெஞ்சை உலுக்குவது எமனின் ஆட்டத்தைவிட மன்மதனின் மனைவி ரதியின் ஒப்பாரிதான். அதற்கு இரங்கிய சிவன், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு மன்மதனை எழுப்புகிறார்.