ஒட்டு ஏன் பிடிக்கவில்லை?

நம் தோட்டத்து உறவுகள் பலர் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு கிழக்கிலே குடியேறியவர்கள். போக வர நல்ல மாமரத்துக் கிளை ஒன்றை வெட்டி வந்து, கொட்டைக் கன்றில் ஒட்டிப் பார்க்கிறோம். பத்து நாளில் கிளை கறுத்துப்போகுது. “நம்ம கைக்கு ராசி இல்லை” என்று கன்றையே பிடுங்கி எறிந்துவிடுகிறோம். இது ராசி விஷயமில்லை. செத்த கிளையே காரணத்தைச் சொல்லும்.

ஒரு வாரத்தில் கறுத்ததா?
கிளை காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடிக்கன்றோடு சேரும் வரை ஒட்டுக்கிளைக்குத் தண்ணீர் வராது. அதனால் வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மரத்தில் வைத்தே இலைகளைக் கிள்ளி, காம்பை மட்டும் விடுங்கள். காம்பு தானாக உதிர்ந்து மொட்டு பருத்ததும், காலையில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் வையுங்கள். மட்டக்களப்பிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் கொண்டு வந்தாலும் அடுத்த நாளே ஒட்டிவிடுங்கள்.

கிளை பச்சையாக இருந்தும் ஒட்டவில்லையா?
பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழுவழுப்பான மெல்லிய பச்சைப் படலம் உண்டு. உயிர் அங்கேதான். இரண்டு படலமும் தொட வேண்டும். கிளை மெலிந்து அடிக்கன்று பருத்திருந்தால், நடுவில் வைக்காமல் ஒரு பக்கத்துப் பட்டையோடு சேர்த்து வையுங்கள். கவ்வாத்துக் கத்தி இதற்கு ஆகாது. சவர பிளேடு போல கூரான சின்னக் கத்தி வேண்டும். ஆப்பு மாதிரி ஒரே இழுப்பில் சீவி, வெட்டிய இடத்தை விரலால் தொடாமல், பொலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள்.

துளிர்த்த பிறகு வாடினதா?
முதல் துளிர் கிளையிலுள்ள சேமிப்பிலேயே வரும். துளிரைப் பார்த்ததும் மூடிய பையைக் கழற்றி வெயிலில் வைத்தால் போச்சு. இலை விரிந்து முற்றும் வரை நிழலில் இருக்கட்டும். பையையும் மாலையில் கழற்றுங்கள். மட்டக்களப்பில் இதைக் கெடுப்பது கச்சான் காற்று. நம் மலையில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் போய்ச் சூடாகக் கிழக்கே இறங்குகிற காற்று அது. வைகாசி முதல் ஆவணி வரை அங்கே காற்றுத் தடுப்பு கட்டாயம். மலையிலோ ஈரம் கூடி ஒட்டு அழுகும். பைக்குள் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

இலை நுனி மட்டும் கருகுதா?
ஒட்டைக் குறை சொல்லாதீர்கள். மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கிற உவர் நீர். கரையோரக் கிணறுகள் சிலவற்றில் உப்பு ஏறும், வெயில் காலத்தில் கூடுதலாக. நாக்கில் கரித்தால் அந்தத் தண்ணீர் இளங்கன்றுக்கு ஆகாது. மாரி மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் மழையே வேரைப் பிடிக்க வைக்கும்.

ஒட்டு பிடித்த பிறகு
ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனுக்குடன் கிள்ளுங்கள். விட்டால் கொட்டைக் கன்றே மரமாகும். ஐந்தாறு வருடம் காத்திருந்து புளி மாங்காய் தின்ன வேண்டியதுதான். இரண்டு மூன்று மாதத்தில் நாடாவை அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கழுத்தை நெரிக்கும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே ஒரு சாண் இருக்கட்டும்.

ஒட்டு செத்தாலும் அடிக்கன்று சாகவில்லை. நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கு. கறுத்த பகுதிக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு நறுக்கி, புதுத் துளிர் வந்து தண்டு தேறியதும் மறுபடி ஒட்டுங்கள். ஐந்து கன்று போட்டுப் பாருங்கள். ஒன்று பிடித்தாலும் லாபந்தான். நுவரெலியாக் குளிரில் மா சரியாகக் காய்க்காது. அங்கே உள்ளவர்கள் இதே முறையில் அவகாடோவை ஒட்டலாம்.

தவறணையில் வெட்டுக்கன்று நட்டு லட்சக்கணக்கில் தேயிலை வளர்த்த கைகள் நம் கைகள். லயத்து வாசலில் ஒரு பழமரம் நிற்க வைப்பதா நமக்கு முடியாது?