திரும்பி வாராத பொட்டலம்

திருவனந்தபுரத்திலுள்ள ஒரு கணினி தில்லியிலுள்ள கணினியிடம் ஒரு செய்தியைக் கேட்பதாகக் கொள்வோம். 1980-ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் வகுத்த யு.டி.பி. முறையில், கேள்வி ஒரு சிறு பொட்டலமாகச் செல்லும். அதன் தலைப்பகுதி 8 பைட்டுகளே. அதில் வரிசை எண்ணுக்கு இடமில்லை. சேர்ந்ததை உணர்த்தும் ஒப்புகையும் இம்முறையில் இல்லை. வழியில் பொட்டலம் தொலைந்தால், சாக்கெட்டில் காலக்கெடு வைக்காத நிரல் விடைக்காக முடிவின்றிக் காத்திருக்கும்.

கெடு எவ்வளவு இருத்தல் வேண்டும்? இரு நகரங்களுக்கும் நேர்த்தொலைவு ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே போய்வர 22 மில்லிவினாடியேனும் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். கெடு மிகக் குறுகினால், வந்துகொண்டிருக்கும் விடையைத் தொலைந்ததாகக் கருத நேரும். எனவே முந்தைய பயணக் காலங்களின் சராசரியையும் ஏற்றத்தாழ்வையும் கொண்டு அதனைக் கணிப்பர். நெரிசல் பெருகாதிருக்க, ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் இருமடங்காக்குவர்.

தொலைந்தது கேள்வியா, விடையா என்பதை அனுப்பிய கணினி அறியாது. விடையே தொலைந்திருப்பின், மீண்டும் அனுப்பிய பணமாற்று ஆணை இருமுறை நிறைவேறிவிடக்கூடும். ஒவ்வொரு கேள்விக்கும் தனி எண் இட்டு, அதே எண் மறுபடி வந்தால் முன்னைய விடையையே திருப்பியனுப்புவது இதற்குரிய பரிகாரமாகும்.