எண்பது வயதிலும் இரத்த அழுத்தத்திற்கு மருந்து தேவையா?

வயதுடன் நூறைக் கூட்டினால் வருவதே அவரவர்க்குரிய இரத்த அழுத்தம் என்றொரு கணக்கு நம் குடும்பங்களில் இன்றும் வழக்கில் உள்ளது. எண்பது வயதுத் தாயாருக்கு 180 இருந்தால் அது இயல்பே என்று பிள்ளைகள் ஆறுதல் கொள்கின்றனர். அக்கணக்கு தவறானது.

வயது ஏற ஏறப் பெருந்தமனிச் சுவரின் மீள்திறன் கொண்ட இழைகள் தேய்ந்து, குழாய் விறைப்படைகிறது. இதயம் குருதியை உந்தும்போது அது விரிந்துகொடுப்பதில்லை. அதனால் மேல் அழுத்தம் உயர்கிறது. கீழ் அழுத்தம் குறைகிறது. 170/70 போன்ற அளவுகள் முதியோரிடம் மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். மிகுதியாகக் காணப்படுகிறது என்பதற்காக அது தீங்கற்றதாகிவிடாது. அவ்வழுத்தத்தை எதிர்த்து உழைக்கும் இடது கீழறையின் தசை தடித்து, தளர்ந்து விரியும் தன்மையை இழக்கிறது. எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாகச் சுருங்குவதாகத் தெரிந்தும் மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனை வயதிற்குப் பிறகு மருந்து பயன் தருமா என்ற ஐயம் மருத்துவர்களிடமும் நெடுநாள் இருந்தது. 80 வயதும் அதற்கு மேலும் ஆன 3,845 பேரிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஹைவெட் ஆய்வு அதற்கு விடையளித்தது. மருந்து பெற்றவர்களிடம் இதயச் செயலிழப்பு 64 விழுக்காடும், இறப்பு 21 விழுக்காடும் குறைந்திருந்தன. அவ்வாய்வு வைத்துக்கொண்ட இலக்கு 150/80 என்பதையும், பங்கேற்றோர் பெரும்பாலும் ஓரளவு நலத்துடன் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உடல் மெலிந்து, அடிக்கடி தடுமாறி விழுபவருக்கு அதே அளவுகோல் பொருந்தாது. ஆகவே முதியோருக்குக் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல உயர்த்துகிறோம்.

இங்கு குடும்பத்தாரின் உதவி எங்களுக்குத் தேவைப்படுகிறது. உட்கார்ந்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மறுமுறையும் அழுத்தத்தை அளந்து குறித்து வாருங்கள். நிற்கையில் மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற நேரிடலாம். தலைசுற்றல் என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் மாத்திரைகளையும் காட்டுங்கள். அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை உயர்த்துகின்றன. கட்டுப்படாத அழுத்தத்தின் காரணம் பல நேரங்களில் அந்தப் பையில்தான் இருக்கிறது.

மற்றொன்று: முதியோருக்கு, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கு, மாரடைப்பு நெஞ்சுவலியின்றியும் வரும். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, காரணமற்ற பெருஞ்சோர்வு, மனக்குழப்பம் ஆகியவற்றை வாய்வுத் தொல்லை என்று எண்ணிக் காலம் கடத்தாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.