பயாஸ் புதுப்பித்தபின் எழாத கணினி



அர்ச்சனைச் சீட்டு, உபயதாரர் பட்டியல், நன்கொடை ரசீது ஆகிய அனைத்தும் இன்று ஆலய அலுவலகக் கணினிக்குள் அடங்கிவிட்டன. அக்கணினி பயாஸ் புதுப்பிப்புக்குப் பின் திரை கறுத்து நின்றுவிட்டால், இத்தனை ஆண்டுக் கணக்கும் போயிற்றே என்று பதறுவது இயல்பே. ஆனால் கணக்கு எங்கும் போய்விடவில்லை. பல வேளைகளில் கணினியும் மீளும்.

பயாஸ் என்பது தாய்ப்பலகையில் எட்டுக் கால்களுடைய சிறு சில்லு ஒன்றில் பதிந்துள்ள நிலைப்பொருளாகும். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது அதுவே. செயலியை எழுப்பி, நினைவகத்தைச் சோதித்து, வட்டைக் கண்டுபிடித்த பின்னரே அது விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. உபயதாரர் பட்டியல் இருப்பதோ வட்டில். பயாஸை எழுதும்போது வட்டிலுள்ள கோப்புகளுக்கு ஒன்றும் நேர்வதில்லை. 1999 ஏப்ரல் 26 அன்று பல கணினிகளை முடக்கிய சி.ஐ.எச். நச்சுநிரல் மூத்த அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். அது சில பலகைகளின் பயாஸோடு வட்டையும் சேர்த்து அழித்தது. புதுப்பிப்புத் தவறு அத்தன்மையதன்று.

நன்றாக ஓடும் கணினிக்குக் காரணமின்றிப் புதிய பயாஸ் வேண்டியதில்லை என்பதே எமது கருத்து. காரணம் வரும் காலமும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலைதடுமாறியபோது, 2024-இல் அதற்கான திருத்தம் பயாஸ் வழியாகவே வந்தது. செய்வதாயின் யு.பி.எஸ். இணைப்போடு செய்தல் வேண்டும். நம் நாட்டுப் பிற்பகல் இடிமழை நேரமும் தைப்பூசத்துக்கு முந்திய வாரமும் இதற்கு ஏற்றவையல்ல!

சரி, தவறிவிட்டது. முதலில் பொறுமை வேண்டும். புதிய பயாஸ் நினைவகத்தை மறுபடியும் பழக்கிக்கொள்ள வேண்டியிருப்பதால், டி.டி.ஆர்.5 கணினிகளில் திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருப்பதுண்டு. அவசரப்பட்டு அணைத்தால், எழுதி முடியாத பயாஸ் பாதியில் நின்றுபோகவும் கூடும். அரை மணி கழிந்தும் அசைவில்லையெனில், சுவரிலிருந்து மின்கம்பியைக் கழற்றி, பலகையில் நாணயம்போல் இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியை எடுத்துச் சில நிமிடம் கழித்துத் திரும்பப் பொருத்தலாம். பழைய அமைப்புகள் புதிய பயாஸோடு ஒத்துப்போகாததுதான் காரணமெனில் இதிலேயே சரியாகிவிடும். நினைவக அட்டை ஒன்றை மட்டும் விட்டுவைத்து முயல்வதும் நன்று.

இவ்வாறு எழுந்த கணினி, துவக்க வட்டு இல்லை என்று சொல்லக்கூடும். வட்டு அழிந்ததாக அதற்குப் பொருளில்லை. பேட்டரியை எடுத்ததால் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும். விண்டோஸ் பழைய சி.எஸ்.எம். முறையில் நிறுவப்பட்டிருந்தாலோ, வட்டுகள் ரெய்டு முறையில் இணைந்திருந்தாலோ, அவ்வமைப்பை முன்போல் மாற்றினால் பெரும்பாலும் திறந்துவிடும். விண்டோஸை மீண்டும் நிறுவிவிடலாம் என்று யாரேனும் ஆலோசனை சொன்னால் இசையாதீர்கள். பட்டியல் உண்மையிலேயே அழிவது அந்த இடத்தில்தான்.

அப்போதும் எழவில்லையா? பலகையின் பின்புறத்தைப் பாருங்கள். அசுஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட் ஆகியவற்றின் பல பலகைகளில் பயாஸை நேரே எழுதும் பொத்தான் ஒன்று உண்டு. வேறொரு கணினியில், தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து பலகையின் மாதிரிப் பெயரும் பதிப்பெண்ணும் பொருந்தும் கோப்பை இறக்கி, ஃபேட்32 முறையில் ஒழுங்கமைத்த பென்டிரைவில் இடுக. கோப்புக்குக் கையேடு சொல்லும் பெயரையே இடவேண்டும். ஓரெழுத்துப் பிழைத்தாலும் பலகை அதைக் கண்டுகொள்ளாது. குறியிட்ட துளையில் செருகிப் பொத்தானை அழுத்தியபின், விளக்கு மினுக்கி ஓயும்வரை கை வைக்கலாகாது.

பொத்தான் இல்லாத பலகையெனில், சில்லைக் கவ்விப் பிடித்து எழுதும் சி.எச்.341ஏ போன்ற கருவி வேண்டும். விலை குறைவுதான். ஆயினும் 1.8 வோல்ட் சில்லுக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் சில்லு கெடும். ஆகவே தெரிந்தவரிடம் விடுக. லோ யாட் பிளாசா, சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். பழைய சில்லில் உள்ளதைப் படித்துச் சேமித்த பிறகே புதியதை எழுதச் சொல்லுங்கள். பலகையின் தொடரெண் போன்ற விவரங்கள் அதில் இருக்கலாம். கணினியைக் கடைக்கு அனுப்புமுன் வட்டைக் கழற்றி ஆலயத்திலேயே வைத்துக்கொள்வது அவசியம். நம்பிக் கொடுத்த உபயதாரர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் உள்ளனவே.

அவ்வட்டை வேறொரு கணினியில் இணைத்துப் பட்டியலை எடுத்து, அன்றைய சீட்டு வேலையைத் தொடரலாம். தடை ஒன்று வரக்கூடும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பயாஸ் மாறினாலும் கேட்பதுண்டு. தாய்ப்பலகையை மாற்றினால் கேட்டே தீரும். சாவி இல்லையேல் வட்டைத் திறக்க வழியில்லை. முன்னாள் செயலாளர் ஒருவர் கணினியை அமைத்திருந்தால், அச்சாவி அவருடைய சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கக்கூடும். நிர்வாகத்தினர் அவரைக் கேட்டு எண்களைப் பெற்று, இரண்டு தாள்களில் அச்சிட்டு, ஒன்றை அலுவலகப் பெட்டகத்திலும் மற்றதைப் பொருளாளரிடமும் வைத்துக்கொள்ளலாம்.